ஆத்தங்குடிக் கல்லை உடைக்கும் முன்: வீட்டுக்குள் மறைந்திருக்கும் தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை வாடகைக்கோ ஒத்திக்கோ எடுத்துக் குடிவந்தவர்களும் சரி, வெளியூர் வேலை முடிந்து பூர்வீக வீட்டுக்குத் திரும்பியவர்களும் சரி, கொஞ்ச நாளில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "வீட்டில் இருப்பதே மூன்று பேர். மோட்டார் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓடுகிறது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?"

அடுத்து பிளம்பர் வருவார். ஈரம் தெரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கதான் உடைக்கணும்" என்பார். அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டில் தரையும் சுவரும் போனால் திரும்பக் கிடைக்காத பொருள்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. புதுக் கல் இன்றைக்கும் வாங்கலாம். ஆனால் பல வருடம் நடந்து நடந்து மெருகேறிய பழைய கல்லின் நிறத்தோடு அது ஒட்டாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பளிங்கு மாதிரி தேய்த்த சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்.

அதனால் முதலில் அளக்க வேண்டும், பிறகு வால்வுகளை மூடித் திறந்து எந்தப் பகுதி என்று பிரிக்க வேண்டும், கசிவு எந்த லைனில் என்று உறுதியான பிறகுதான் கருவியைத் தொட வேண்டும். கீழே சொல்லும் சோதனைகளில் எதற்கும் உளியும் சுத்தியும் தேவையில்லை. ஒரு டேப், ஒரு மார்க்கர் பேனா, ஒரு டார்ச், சில இரவுகள் போதும்.

எந்த ரசீது ஏறுகிறது?

நம் பக்கம் பல வீடுகளில் குழாய்த் தண்ணீருக்கு நிலையான கட்டணம்தான். எவ்வளவு ஒழுகினாலும் அந்தத் தொகை மாறாது. வீட்டுப் புழக்கத்துக்குப் பெரும்பாலும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் என்பதால், கசிவு கரண்ட் பில்லில்தான் தலைகாட்டும். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், நமக்கு விஷயம் தெரியவரும்போது அறுபது நாள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். மோட்டாருக்குள் வீணாவதையும் சேர்த்தால், 1.5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். கசிவால் அது தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் ஒரு பில்லுக்கு 45 யூனிட். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டை ஒட்டி நிற்கும்போது இந்த 45 யூனிட் சேர்ந்தால் கட்டணப் படியே மாறிவிடும். அதைத் தாண்டியதும் கீழே இருக்கிற யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலையில் கணக்குப் போடுவார்கள். தண்ணீருக்காக ஓடிய மோட்டார், ஃபேனுக்கும் விளக்குக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடும்.

தொட்டி குறைந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். கையால் சுவிட்ச் போடுகிற வீட்டில், "காலையில்தானே ரொப்பினேன், அதற்குள் எப்படித் தீர்ந்தது" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கன்ட்ரோலர் யாரையும் கேட்காது. நடு ராத்திரியில் தானே போட்டு, தானே நிறுத்திவிடும். சோதனை செய்கிற நாட்களில் அதை மேனுவலில் வைத்துவிடுங்கள்.

குழாய் இணைப்புக்கு மீட்டர் வைத்திருக்கும் வீடு என்றால் வேலை சுலபம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முகப்பைப் பாருங்கள். பெரும்பாலான மீட்டர்களில் நட்சத்திரம் அல்லது முக்கோண வடிவத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். எல்லாம் மூடியிருந்தும் அது மெல்லச் சுற்றினால் உள்ளே எங்கோ தண்ணீர் போகிறது. கறுப்பு இலக்கங்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். சிவப்பு இலக்கங்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்ததும் இரண்டையும் எழுதிவைத்தால் போதும். ஒன்று மட்டும்: மீட்டருக்கு அடுத்து தரைத்தொட்டி இருந்து அது நிரம்பிக்கொண்டிருந்தால் சக்கரம் சுற்றத்தான் செய்யும். தொட்டி நிறைந்து மிதவை வால்வு மூடிய பிறகு பாருங்கள்.

தொட்டியில் கோடு போடுவது

மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாடித் தொட்டிதான் மீட்டர். எல்லோரும் படுத்த பிறகு, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அல்லது மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரவில் யாரும் பாத்ரூம் போனால் ஃபிளஷ் செய்யாமல் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றச் சொல்லிவிடுங்கள். விடிந்ததும், காப்பிக்குத் தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே, திரும்ப அளக்க வேண்டும்.

கட்டிய தொட்டி என்றால் உள்நீளத்தையும் உள்அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் அத்தனை லிட்டர் போயிருக்கிறது. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத் தொட்டியில் 1 செ.மீ. என்பது 30 லிட்டர். ஒரு ராத்திரியில் 4 செ.மீ. இறங்கினால் 120 லிட்டர். 1,000 லிட்டர் வட்ட பிளாஸ்டிக் தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் சுமாராக 9 முதல் 10 லிட்டர். மூடி போட்ட தொட்டியில் ஒரு ராத்திரியில் ஆவியாவது கணக்கில் சேராது. சித்திரை வெயிலைக் காரணம் காட்ட வேண்டாம்.

மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த இரவு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்தத் தடவை தொட்டிக்கு அடியில் வீட்டுக்குள் இறங்கும் லைனில் இருக்கும் கேட் வால்வை மூடிவிட வேண்டும். மூடிய பிறகும் அதே அளவு இறங்கினால் தொட்டியிலோ அதை ஒட்டிய பைப்பிலோ கோளாறு. இறங்காமல் நின்றால் கசிவு வால்வுக்குக் கீழே, வீட்டுக்குள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கேட் வால்வு முழுதாக மூடாது. கைப்பிடி சுற்றும், உள்ளே இருக்கும் தகடு உப்புப் படிந்து பாதியில் நின்றிருக்கும். வால்வை மூடியதும் கீழே ஒரு குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து, குழாய் அடியோடு நிற்க வேண்டும். நூல் மாதிரி வந்துகொண்டே இருந்தால் அந்த வால்வை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. முதல் செலவாக அதை மாற்றுங்கள். கேட் வால்வுக்குப் பதில் கால் திருப்பில் மூடும் பித்தளை பால் வால்வு போட்டால் இனிமேல் மூடியதா இல்லையா என்று கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும்.

தொட்டியிலேயே கோளாறு என்று தெரிந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் தண்ணீரே வழி சொல்லும். வால்வை மூடிவைத்துவிட்டு, தண்ணீரை இறங்கும் வரை இறங்க விடுங்கள். ஒரு மட்டத்துக்கு வந்ததும் அதற்குக் கீழே இறங்காமல் நிற்கும். விரிசல் அந்த மட்டத்தில் இருக்கிறது. உள்சுவரைச் சுற்றி அந்த உயரத்தில் மட்டும் டார்ச் அடித்துத் தேடினால் போதும்.

எங்குமே ஈரம் இல்லையா? போர் பைப்பைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். தொட்டி காலியாகிறது, வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, சுவர் காய்ந்திருக்கிறது. தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிருக்கும்.

போரிலிருந்து ஏறிவரும் பைப்பின் வாய் தொட்டிக்குள் தண்ணீரில் முங்கியிருந்தால், மோட்டார் நின்றதும் தண்ணீர் அதே பைப்பில் திரும்ப இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. அதற்குள் மணல் சிக்கினாலோ உள்வாஷர் தேய்ந்தாலோ அது சரியாக மூடாது. தண்ணீர் அமைதியாகப் போருக்குள் போய்விடும். மறுநாள் அதே தண்ணீரை நீங்கள் மறுபடி கரண்ட் செலவழித்து ஏற்றுவீர்கள்.

மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் காதை வைத்துக் கேளுங்கள். நின்ற பிறகும் உள்ளே சளசளப்பு தொடர்ந்தால் சந்தேகப்படலாம். தொட்டித் தண்ணீர் அந்தப் பைப் வாய் வரைக்கும் இறங்கி, அதோடு நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். நான்-ரிட்டர்ன் வால்வை மாற்றுங்கள். அதோடு, பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தூக்கிவிடுங்கள். காற்று நுழைந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சி இழுக்க முடியாது. சாதாரண எல்போ ஒன்றும் ஒரு முழம் பைப்பும் போதும்.

கழிவறைத் தொட்டியில் சொட்டு நீலம்

வீட்டுக்குள் இறங்கும் லைனில்தான் கசிவு என்றால், சுவரைச் சந்தேகப்படுவதற்கு முன் ஃபிளஷ் தொட்டியைப் பாருங்கள். சத்தமே இல்லாமல், கண்ணுக்கும் தெரியாமல், பகலும் இரவும் ஒழுகக்கூடியது அதுதான். பீங்கானின் பின்பக்கம் மெல்லிய படலமாக இறங்குவதால் குனிந்து பார்த்தாலும் தெரியாது.

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஏழெட்டுச் சொட்டு எடுத்து ஃபிளஷ் தொட்டியில் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது. பிறகு பீங்கானுக்குள் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் மேல் உப்புப் படிந்திருக்கிறது. ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடி, தண்ணீரை வெளியேற்றி, வாஷரைக் கழற்றித் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, வளைந்து கொடுக்க வேண்டும். கெட்டிப்பட்டிருந்தால், ஓரம் தூள் மாதிரி உதிர்ந்தால், அதையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். அளவு சொல்லி வாங்குவதைவிடப் பழசைக் காட்டி வாங்குவது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

அடுத்தது மிதவை. தண்ணீர் மட்டம் நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் மிதவையைக் கொஞ்சம் இறக்கித் திருகிவிடுங்கள். செப்டிக் டேங்க் முன்பைவிடச் சீக்கிரம் நிரம்புகிறது என்று தோன்றினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒழுகும் ஃபிளஷ் தண்ணீர் நேரே அங்கேதான் போய்ச் சேருகிறது.

குழாய் சொட்டுவதை எல்லோரும் பார்க்கிறோம், யாரும் அளப்பதில்லை. அடியில் ஒரு டம்ளரை வைத்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 200 மி.லி. டம்ளர் பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 29 லிட்டர். அப்படி மூன்று குழாய் இருந்தால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

ஈரம் படிந்த சுவரை எப்படிப் படிப்பது

பழைய வீட்டில் சுவர் ஈரத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாமே பைப் கசிவு என்று எடுத்துக்கொண்டால் தப்பான இடத்தில் உடைப்போம். அதனால் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தோன்றி, தை பிறந்ததும் காய்ந்துவிடுகிற ஈரம் மழையோடு சம்பந்தப்பட்டது. நாட்டு ஓடு நகர்ந்திருக்கும், அல்லது வளவு வாசலுக்கு, அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்துக்கு, நான்கு பக்கத்துத் தண்ணீரையும் கொண்டுவரும் மூலைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அதற்கு ஆள் வேறு, வேலையும் வேறு. கத்திரி வெயிலிலும் காயாமல் நிற்கிற ஈரம்தான் நாம் தேடுவது.

அடுத்தது வடிவம். சுவரின் அடிப்பாகம் முழுக்க, முழங்கால் உயரத்துக்கு ஒரே சீராக ஏறியிருந்தால் அது தரையிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் ஈரம். பைப் கசிவுக்கு ஒரு மையம் இருக்கும். அந்த இடம் கருத்து, சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிரும். கரையான் புதிதாக மண் ஏற்றத் தொடங்கியிருந்தாலும் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள். கதவு நிலைக்குப் பர்மா தேக்கு போட்டிருந்தாலும், ஈரத்தோடு சேர்ந்த மரத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, காது. தெருவில் சத்தம் ஓய்ந்த பிறகு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பைப்பின் மேலோ குழாயின் கழுத்திலோ வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது மெலிதாக ஒரு சீறல் கேட்டால் பக்கத்தில்தான் எங்கோ போகிறது. பைப் வழியே நான்கு ஐந்து இடங்களில் கேட்டுப் பாருங்கள். எங்கே கூடுகிறதோ அந்தப் பக்கம் நெருங்குகிறீர்கள். மெதுவாகச் சொட்டும் கசிவுக்கு இந்தச் சத்தம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் அப்புறம். முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். சுவரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் சொன்னால், பிரமை என்று தள்ளிவிடக் கூடாது.

ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

புதுவயல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வளவின் கிழக்கு மூலையில் நான்கு கல் மட்டும் நிறம் மாறியிருந்தன. காலையில் துடைத்தால் மதியத்துக்குள் கல் இணைப்பில் ஈரம் கோடுகோடாக வந்து நிற்கும். வந்த பிளம்பர் பையன் உளியை எடுத்துவிட்டார். வீட்டு ஆச்சி அவரை நிறுத்தினார். "தம்பி, உடைக்கிறது எப்ப வேணும்னாலும் உடைச்சுக்கலாம். மொதல்ல ஒவ்வொரு வால்வா மூடிப் பாரு."

"ஆச்சி, ஈரம் இங்கதானே இருக்கு?"

"ஈரம் இங்க இருக்கு. பைப் இங்க இல்லையே."

அவர் சொன்னதுதான் சரி. அந்த மூலைக்குக் கீழே எந்த லைனும் போகவில்லை. வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுக்குப் போகும் வால்வை மூடியதும் இரண்டு நாளில் கல் வெளுத்தது. ஓட்டை இருந்தது இரண்டாம் கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால், வளவு மூலையிலிருந்து இருபது அடி தள்ளி. தளக்கல்லுக்கு அடியில் இருக்கும் மணல் படுகை வழியே தண்ணீர் ஓடி, தாழ்வான இடம் பார்த்து மேலே வந்திருக்கிறது. உடைத்திருந்தால் நான்கு கல் போயிருக்கும், அடியில் ஈர மணலைத் தவிர ஒன்றும் கிடைத்திருக்காது.

இதனால்தான் வால்வு வால்வாகப் பிரிப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு இருந்தால் ஒரு இரவுக்கு ஒரு பகுதியைத் திறந்துவைத்து, மற்றதை மூடி, தொட்டி மட்டத்தைப் பாருங்கள். எந்த இரவில் இறங்குகிறதோ கசிவு அந்தப் பகுதியில். தனி வால்வே இல்லை, ஒரே லைன் வீடு முழுக்கச் சுற்றுகிறது என்றால், வெளியே தெரிகிற இடங்களில், தாழ்வாரத்திலோ பின்கட்டுச் சுவரிலோ, இரண்டு மூன்று வால்வு போடச் செய்யுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. இன்றைக்கு இந்தக் கசிவு, நாளைக்கு வேறொன்று.

பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு பங்குக்காரரும் ஒவ்வொரு காலத்தில் ஒரு பாத்ரூம் கட்டியிருப்பார்கள். எந்தப் பைப் எங்கே போகிறது என்று யாரிடமும் வரைபடம் இருக்காது. பூட்டிக் கிடக்கும் அறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். பங்குக்கு ஒரு வால்வு வெளியிலேயே இருந்தால் சாவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பில் பங்கு பிரிக்கும்போது வரும் மனக்கசப்பும் பாதி குறையும்.

கை வைக்கும் நேரம்

குழாய் சொட்டினால்: வால்வை மூடி, குழாயைத் திறந்து வடியவிட்டு, தலையைக் கழற்றுங்கள். பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய பித்தளைக் குழாயில் அடியில் ஒரு வாஷர் இருக்கும். மாற்ற ஆகும் செலவு சில ரூபாய்தான். கால் திருப்பில் திறக்கும் புதுக் குழாயில் வாஷருக்குப் பதில் உள்ளே ஒரு முழுத் துண்டு இருக்கும். அதை அப்படியே மாற்ற வேண்டும். குழாயைத் திரும்பச் சுவரில் மாட்டும்போது பழைய டெஃப்லான் டேப்பைச் சுத்தமாக உரித்துவிட்டு, புதுசை மரை முடுக்கும் திசையிலேயே பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும்.

பிளாஸ்டிக் பைப் என்றால்: விரிசல் விட்ட துண்டை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் கப்ளர் போட்டுப் புதுத் துண்டு ஒட்ட வேண்டும். மேலே எம்-சீல் மாதிரி ஓட்டை அடைக்கும் பசையை அப்புவது அன்றைய பொழுதுக்குத்தான். ஒட்டும் இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சொல்யூஷனும் அந்தந்தப் பைப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். வெந்நீருக்கும் போடும் சிபிவிசி பைப்புக்குச் சாதாரண பிவிசி சொல்யூஷனைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. டப்பாவை வாங்கிப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. ஒட்டியதும் தண்ணீர் விடக்கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. மொட்டை மாடியில் வெயில் படும்படி போகிற பைப் சில வருடத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு வெள்ளை பெயின்ட் ஒரு கை அடித்துவிடுங்கள்.

ஜி.ஐ. பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்த பிறகு துரு இரும்பைத் தின்னத் தொடங்கும். உலோகம் அரிப்பதை ஆராய்வதையே முக்கியத் துறைகளில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள்ளோ அதே அரிப்பு யாரும் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிறது. அரிப்பு உள்ளிருந்து வருவதால் வெளியே ஒரு ஓட்டை தெரியும்போது மற்ற இடங்களும் மெலிந்திருக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் அதற்கு இதுவே அடையாளம். ஒரு இடத்தில் கிளாம்ப் போட்டு அடைத்தால் ஆறு மாதத்தில் இரண்டு அடி தள்ளி ஒழுகும்.

இங்கேதான் என் அழுத்தமான யோசனை: சுவருக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் போகிற பழைய ஜி.ஐ. லைனைத் தோண்டி எடுக்காதீர்கள். இரண்டு முனையையும் மூடியடைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். புது லைனைப் பின்பக்கச் சுவரின் வெளிப்புறமாக, அல்லது தாழ்வார உத்தரத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோங்கள். "பைப் வெளியே தெரிந்தால் அழகு போய்விடுமே" என்பார்கள். சுவர் நிறத்தில் ஒரு கை பெயின்ட் அடித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உடைத்துப் பூசிய சுவர் எந்த நாளும் தெரியும். அடுத்த தடவை ஒழுகினால் அன்றைக்கே கண்ணில் படும் என்பது இன்னொரு லாபம்.

தரைத்தொட்டி, மாடித்தொட்டி விரிசலுக்குத் தண்ணீரை முழுக்க இறக்கி, பாசியைத் தேய்த்துக் காயவிட்டு, விரிசலை 'வி' வடிவத்தில் கீறி, தண்ணீர் புகாத கலவையால் அடைத்து, உள்முழுக்கப் பூச வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டி என்றால் அதற்கு உகந்த பூச்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் விழும் தரைத்தொட்டியில் மிதவை வால்வும் ஒழுங்காக மூடுகிறதா என்று பாருங்கள். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில் அது ஓவர்ஃப்ளோ பைப் வழியாகச் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சுவரைத் திரும்பப் பூசுவது

கசிவு நின்ற மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உள்ளே குடித்த ஈரத்தை மெதுவாகத்தான் விடும். பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். அறையைத் திறந்துபோட்டு, கல்லும் சுவரும் ஒரே நிறத்துக்கு வரும்வரை விடுங்கள். சில வாரங்கள் ஆகும், தடிச் சுவர் என்றால் சில மாதங்களும் ஆகும்.

பூசும்போது சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். "சிமெண்டு கெட்டியா இருக்கும் சார், சுண்ணாம்பு எதுக்கு" என்று சொல்கிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பெயின்டும் அதே தொந்தரவுதான். வெள்ளையடிப்பு போதும்.

வேலை முடிந்த அன்றிரவே தொட்டியில் மறுபடி கோடு போட்டுப் பாருங்கள், பிளம்பருக்குக் கணக்கு முடிப்பது மறுநாள் காலையில் இருக்கட்டும். பைப்பை மூடுவதற்கு முன் ஒவ்வொரு திருப்பமும் தெரியும்படி போனில் படம் எடுத்து, பங்காளிகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக் கணக்கில் வெளியூர் போகிறவர்கள் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வை மூடி, மோட்டாரின் சுவிட்சையும் கன்ட்ரோலரையும் அணைத்துவிட்டுப் போங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங்கை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் எந்த வால்வு எதற்கு என்று ஒருமுறை கூடவே நடந்து காட்டி, அவற்றின் மேல் பெயின்டில் எழுதியும் வையுங்கள். விசேஷத்துக்கு வந்து திறக்கும்போது வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, எல்லா அறைக் குழாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுதாகத் திறக்கலாம். வெகுநாள் காய்ந்து கிடந்த வாஷர்கள் முதல் நாள்தான் ஒழுகும்.